1:43 அம்பாசடர்: கண்ணாடியும் பெயின்ட்டும் நிஜ வண்டி மாதிரி வரணும், வழி சொல்லுங்க

குட்டிகார்_காரைக்குடி

எல்லாருக்கும் வணக்கம். எங்க ஐயா வச்சிருந்த அம்பாசடரை 1:43 அளவுல, அதாவது நிஜ வண்டில 43ல ஒரு பங்கு சைஸ்ல, குட்டி மாடலா பண்ணிக்கிட்டு இருக்கேன், 3டி ரெசின் பிரிண்ட்ல பாடி மட்டும் வாங்குனது, நீளம் சரியா 10 சென்டிமீட்டர் வருது, ஷேப் அருமையா இருக்கு. பிரச்சனை கூட வந்த கண்ணாடி பீஸ்தான். ஒரே வார்ப்பா உள்ள இருந்து தள்ளி மாட்டுற மாதிரி குடுத்திருக்காங்க, ஓரத்துல 1.2 மில்லி கனம், மாட்டி வச்சுப் பாத்தா உள்ள இருக்க சீட்டு, ஸ்டியரிங் எல்லாம் நெளிஞ்சு தெரியுது, வெளிச்சம் பட்டா ஓரம் பூரா பளிச்சுன்னு ஒரு கோடு வேற. அதைத் தூக்கிட்டு வேற கண்ணாடி போடணும். முன்னாடி பின்னாடி கண்ணாடி ரெண்டும் வளைவு, அதை எப்படி வளைக்கிறது? அப்புறம் வண்டி கலர் வெளிர் நீலம், ஐயா இருந்தவரைக்கும் டிரைவர் அண்ணன் டெய்லி தொடச்சு வச்சிருப்பாரு, அந்தப் பளபளப்பு வரணும். குரோம் எப்படின்னும் சொல்லுங்க. ஏர்பிரஷ் இருக்கு, சின்னது, 0.3 நாசில். முகப்புல ஐயா படத்துக்குக் கீழ வைக்கப் போறேன், வீட்டுல எல்லாருக்கும் அந்த வண்டி மனப்பாடம், அதனால ஏனோதானோன்னு செய்ய மனசு வரல.

கண்டனூர்_கண்ணாடி

தம்பி, அந்த வார்ப்புக் கண்ணாடியைத் தூக்கிப் போடுறதுன்னு முடிவு பண்ணீங்க பாருங்க, அதுலயே பாதி வேலை முடிஞ்சுது. குட்டி வண்டி பொம்மை மாதிரி தெரியுறதுக்கு முதல் காரணம் கனம்தான், வேற எதுவும் இல்ல. 1.2 மில்லியை 43ஆல பெருக்கிப் பாருங்க, 5 சென்டிமீட்டருக்கு மேல போகுது. ரெண்டு அங்குலக் கண்ணாடி போட்ட அம்பாசடரை எங்கயாச்சும் பாத்திருக்கோமா? நிஜ வண்டிக் கண்ணாடி சுமாரா 5 மில்லி. அப்ப 1:43ல 0.12 மில்லி, 1:24ல 0.2, 1:18ல 0.28. அதுக்கு ஒட்டி வர்ற ஷீட்டைத் தேடுங்க, கண்ணு தானா நம்பிடும். எத்தனையோ பேரு டேஷ்போர்டுல மீட்டர் முள்ளு வரைக்கும் வரைவாங்க, அதுக்கு மேல தடிமனா கண்ணாடியை மூடி எல்லா உழைப்பையும் மறைச்சிடுவாங்க, பாக்கவே வயிறு எரியும்.

பெயின்ட்டுக்கும் இதே கணக்குதான். நிஜ காருல பிரைமர்ல இருந்து மேல் கோட் வரைக்கும் சேத்து 100 மைக்ரான் சொச்சம் இருக்கும். அதே 100 மைக்ரானை நம்ம வண்டி மேல அடிச்சா 43 மடங்குல 4.3 மில்லி கனத்துக்குப் பெயின்ட் பூசுன கணக்கு. கதவு இடுக்கு நிஜத்துல 5 மில்லின்னு வைங்க, நம்மகிட்ட அது 0.12 மில்லிதான். ரெண்டு பக்கமும் 50 மைக்ரான் ஏறுச்சுன்னா 0.1 போயிடுச்சு, இடுக்கு அப்படியே மூடிக்கும், கதவு எங்க இருக்குன்னே தெரியாது. அதனால கண்ணாடியோ பெயின்ட்டோ, எதை எடுத்தாலும் முதல்ல கனத்தைக் கேளுங்க, கலரும் பளபளப்பும் அடுத்ததுதான்.

ஷீட்டுக்கு: பழைய ஓஹெச்பி ஷீட், அதான் அந்தக் கால ப்ரொஜெக்டர்ல வைக்கிற ட்ரான்ஸ்பரன்ட் ஷீட், கெடைச்சா அது 0.1 மில்லி, உங்க அளவுக்கு கச்சிதம். ஜெராக்ஸ் கடைல இன்னமும் சில பேரு வச்சிருக்காங்க. ஆனா இங்க்ஜெட்டுக்குன்னு விக்கிறது வேணாம், அதுல ஒரு பக்கம் சொரசொரன்னு பூச்சு இருக்கும்.

பள்ளத்தூர்_பஸ்

கண்டனூர் அண்ணன் சொன்னதுக்கு மேல நான் எடுக்குற இடங்களையும் சொல்றேன். புதுச் சட்டை வாங்குனா பாக்ஸ் மேல வர்ற ட்ரான்ஸ்பரன்ட் மூடி, காலருக்குள்ள வைக்கிற பட்டை, ஸ்வீட் பாக்ஸ் மூடி, இதெல்லாம் 0.2ல இருந்து 0.3 வரைக்கும் இருக்கும், 1:24க்கும் 1:18க்கும் சரி, 1:43க்குக் கொஞ்சம் தடிமன்தான். பழைய எக்ஸ்ரே ஃபிலிமும் நல்ல சரக்கு, பிளீச்சிங் தண்ணில ஊறப்போட்டா மேல இருக்க கருப்பு கரைஞ்சு போயிடும், உள்ள இருக்கது லேசா நீலம் ஓடுன பாலியஸ்டர், 0.18 மில்லி கிட்ட, டின்ட் போட்ட கண்ணாடிக்குத் தனியா கலர் அடிக்கவே வேண்டியதில்ல. கையில உறை போட்டுக்கங்க.

நான் பண்றது பூரா பஸ்ஸு, பழைய அரசு பஸ்ஸு, முன்னாடி ரெண்டு துண்டா தட்டையான கண்ணாடி வச்ச மாடல். அதுக்கு நான் நிஜக் கண்ணாடியே போடுறேன். மைக்ராஸ்கோப்ல வைக்கிற கவர் ஸ்லிப் இருக்குல்ல, லேப் சாமான் விக்கிற கடைல டப்பா டப்பாவா கெடைக்கும், கனம் 0.13ல இருந்து 0.17க்குள்ள, 1:43க்குன்னே செஞ்ச மாதிரி. 22க்கு 50 மில்லி சைஸ் வாங்குனா பஸ்ஸோட அரைக்கண்ணாடி தாராளமா வரும். டைமண்ட் முனை எழுதுகோலை வச்சு ஒரே ஒரு கோடு, அழுத்தாம, அப்புறம் ஒரு குண்டூசியைக் கோட்டுக்கு அடில வச்சு ரெண்டு பக்கமும் லேசா அமுக்குனா பட்டுனு பிரியும். தூள் கண்ணுல படாம பாத்துக்கங்க, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு வேலை செய்ங்க. பிளாஸ்டிக் ஷீட்ல எதிர்ல இருக்க டியூப்லைட் பிம்பம் கொஞ்சமாவது வளையும், இதுல நூல் பிடிச்ச மாதிரி நேரா நிக்கும். அந்த ஒரு பிம்பத்துக்காகத்தான் இவ்வளவு பாடு.

சைடு ஜன்னல் விஷயத்துல பஸ்காரங்க செய்ற தப்பு ஒண்ணு இருக்கு, எல்லா ஜன்னலையும் ஒரே மட்டத்துல மூடி வச்சிடுறாங்க. நம்ம ஊர் வெயில்ல எந்த பஸ்ஸு அப்படிப் போகுது? ஒண்ணு முழுசா ஏத்தி, ஒண்ணு பாதில நின்னு, ஒண்ணு மழைக்குச் சாத்தி, அப்படிக் கலந்து வைங்க. அம்பாசடருக்கும் இது பொருந்தும், டிரைவர் பக்கக் கண்ணாடியைக் கால்வாசி எறக்கி வச்சா வண்டிக்கு உடனே உயிர் வரும், முன் கதவுல இருக்க முக்கோணக் கண்ணாடியை லேசா திறந்த மாதிரி வச்சா இன்னும் நல்லாருக்கும்.

குட்டிகார்_காரைக்குடி

பஸ் அண்ணே, டிரைவர் பக்கம் எறக்கி வைக்கிறது பிரமாதமான யோசனை, எங்க டிரைவர் அண்ணன் எப்பவும் கையை வெளிய வச்சுதான் ஓட்டுவாரு. ஓஹெச்பி ஷீட் வாங்கிட்டேன். ஓட்டைக்குச் சரியா வெட்டுறதுக்கு என்ன முறை? ஒட்டுறதுக்கு சூப்பர் க்ளூ ஓகேவா?

கண்டனூர்_கண்ணாடி

சூப்பர் க்ளூ வேணவே வேணாம் தம்பி, கண்ணாடி கிட்டயே கொண்டு வராதீங்க. அந்தப் பசை காயும்போது ஆவி கிளம்பும், அது பக்கத்துல இருக்க மேற்பரப்புல படிஞ்சு காத்துல இருக்க ஈரத்தோட சேந்து வெள்ளையா பூத்துக்கும். மூடுன வண்டிக்குள்ள ஆவி வெளிய போக வழியில்லாததால கண்ணாடி உள்பக்கம் பூரா மூட்டம் போட்டிடும், அப்புறம் தொடைக்கவும் முடியாது. இன்னொண்ணு, உள்ள சீட்டோ டேஷ்போர்டோ சூப்பர் க்ளூல ஒட்டியிருந்தா, அதை ஒரு நாள் திறந்து வச்சு நல்லா காய விட்டுட்டுத்தான் கண்ணாடி பக்கம் போகணும்.

கண்ணாடிக்கு வெள்ளைப் பசைதான், மர வேலைக்குப் போடுற பிவிஏ பசை. காயும்போது நிறமே இல்லாம போயிடும், தப்பா பட்டா ஈரத்துணில தொடைச்சுக்கலாம். கொஞ்சம் தண்ணி கலந்து பல்குத்தி முனைல தொட்டு ஓரத்துல மட்டும் ஓட விடுங்க, இடுக்குல அதுவா இழுத்துக்கும். 1:87 மாதிரி ரொம்பச் சின்ன வண்டில ஷீட்டே வேண்டாம், அஞ்சாறு மில்லி அகலமுள்ள ஜன்னல்னா பல்குத்தில பசையைத் தொட்டு ஓட்டையைச் சுத்தி ஒரு சுத்து சுத்தி இழுத்தா படலமா நின்னு காஞ்சு கண்ணாடியாவே ஆயிடும்.

வெட்டுறதுக்கு: மாஸ்கிங் டேப்பை ஜன்னல் ஓட்டை மேல ஒட்டி, பென்சிலைப் படுக்க வச்சு தேய்ங்க, ஓட்டையோட விளிம்பு கருப்பா பதியும். உரிச்சு ஷீட் மேல ஒட்டி, கோட்டுக்கு ஒரு மயிரிழை வெளிய வெட்டுங்க. அப்புறம் 800 நம்பர் வாட்டர் பேப்பர்ல (தண்ணி தொட்டுத் தேய்க்கிற உப்புத்தாள்) ஓரத்தை ரெண்டு இழுப்பு, வச்சுப் பாக்குறது, மறுபடி ரெண்டு இழுப்பு. பொறுமையா. வெளிய இருந்து வச்சா தானா நிக்கணும், அழுத்தி உக்கார வைக்கிற மாதிரி இருந்தா நடுவுல புடைச்சுக்கும்.

ஒட்டுறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு, இதை யாரும் விட்டுடாதீங்க. வெட்டுன ஷீட்டோட ஓரத்தை, மேற்பரப்பை இல்ல, அந்த மெல்லிசு ஓரத்தை மட்டும், கருப்பு பெர்மனென்ட் மார்க்கரால சுத்தி இழுத்துடுங்க. முதல் பதிவுல ஓரம் பளிச்சுன்னு கோடா தெரியுதுன்னு சொன்னீங்கல்ல, அது கண்ணாடிக்குள்ள புகுந்த வெளிச்சம் ஓரம் வழியா வெளிய வர்றது. கருப்பு அடிச்சா அது செத்துடும், அதுவே ரப்பர் பீடிங் மாதிரியும் தெரியும்.

தேவகோட்டை_டிங்கர்

எனக்கு நிஜ வண்டி பெயின்டிங்தான் தொழில், குட்டி வண்டி ஆசைக்கு. பெயின்ட் பத்தி நான் சொல்றேன்.

3டி பிரிண்ட் பாடின்னா முதல்ல அந்த அடுக்குக் கோட்டைக் கொல்லணும். ஸ்பிரிட்ல நல்லா கழுவி, முழுசா காய வச்சு, மெல்லிசா பிரைமர் ஒரு கோட் அடிங்க, சாம்பல் கலர்ல அடிச்சாத்தான் கோடு எங்க இருக்குன்னு தெரியும். 600ல ஆரம்பிச்சு 1000 வாட்டர் பேப்பர், சோப்புத் தண்ணி தொட்டு. பள்ளம் இருக்க இடத்துல மட்டும் என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பட்டியைத் தின்னர்ல கரைச்சு பிரஷ்ல தொட்டு வைங்க, பாடி பூரா பூசிடாதீங்க. அம்பாசடருக்குப் பானெட் மேல இருக்க புடைப்பு, மட்கார்ட் வளைவு இதெல்லாம் முக்கியம், தேய்க்கும்போது விரலால அழுத்துனா விரல் பதிஞ்ச பள்ளம் விழும், பென்சில் அழிக்கிற ரப்பர்ல பேப்பரைச் சுத்தி தேய்ங்க.

கலருக்கு நம்ம டச்சப் கடைல மிக்ஸ் பண்ணித் தர்ற என்சி பெயின்ட்டே போதும், நிறமி நல்லா அரைச்சிருப்பாங்க. தின்னர் கலந்து பால் பதத்துக்குக் கொண்டு வாங்க, கப்போட சுவத்துல ஏறி எறங்கணும். காத்து அழுத்தம் 15ல இருந்து 20 பிஎஸ்ஐ. முதல் கோட் தூவுன மாதிரி, அடில இருக்க சாம்பல் தெரிஞ்சா தெரியட்டும். ரெண்டாவது கொஞ்சம் ஈரமா. மூணாவதுல மூடணும். அதுக்கு மேல மூடலன்னா பெயின்ட்டைச் சந்தேகப்படுங்க, கோட் ஏத்தாதீங்க. மொதல்ல கதவு இடுக்கு, பீடிங் ஓரம், மட்கார்ட் உள்பக்கம், அப்புறம்தான் பெரிய பரப்பு.

நம்ம ஊருக்குன்னு ரெண்டு தொல்லை. சித்திரை வைகாசில உச்சி வெயில்ல அடிச்சா பெயின்ட் நாசில்ல இருந்து வண்டிக்குப் போறதுக்குள்ள காத்துலயே காஞ்சு, மேல மணல் தூவுன மாதிரி சொரசொரன்னு உக்காரும். காலைல ஆறு ஏழு மணிக்கு அடிங்க, இல்லன்னா ஸ்லோ தின்னர் கலந்துக்கங்க. மழைக்காலத்துல நேர் எதிர். தின்னர் வேகமா பறக்கும்போது அந்த இடம் சில்லுனு ஆகி காத்துல இருக்க ஈரத்தை இழுத்துக்கும், பெயின்ட் வெளுத்துப் போகும், நாங்க கடைல பூத்துடுச்சுன்னுதான் சொல்வோம். அதுக்கும் ஸ்லோ தின்னர்தான் மருந்து, இல்லன்னா மழை விட்டு வெயில் வர்ற நாளா பாத்து அடிங்க. ஆடி மாசம் மட்டும் தொடவே தொடாதீங்க, ஆடிக்காத்துல அம்மியே பறக்கும்னா செம்மண் தூசி நிக்குமா? அடிச்ச உடனே பெரிய எவர்சில்வர் டப்பாவைக் கவுத்து மூடிடுங்க.

பினாங்கு_மீனா

நான் பினாங்குல இருக்கேன், ஊர் கானாடுகாத்தான். நான் பண்றது 1930 வாக்குல நம்ம பக்கம் வீடுகள்ல கப்பல்ல எறக்கி வச்சிருந்த வெளிநாட்டு வண்டிங்க, 1:43 தான். பர்மாலயும் மலாயாலயும் தொழில் இருந்த காலத்துல வந்தது, சில வீட்டு ஷெட்டுல இன்னமும் நிக்குது. டிங்கர் அண்ணன் சொன்ன என்சி பெயின்ட் எனக்கு இன்னும் பொருத்தம், ஏன்னா நிஜ வண்டிலயே அந்தக் காலத்துல அதுதான். 1920கள் நடுவுல இருந்துதான் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் காருக்கு வந்துச்சு, அதுக்கு முன்னாடி பிரஷ்ல வார்னிஷ் அடிச்சு வாரக்கணக்குல காய வைப்பாங்க. அதனால 1930 வண்டி மேல இன்னிக்கு இருக்க 2கே கிளியர் கோட், அதான் ஹார்டனர் கலந்து அடிக்கிற ரெண்டு பாக மேல் பூச்சு, அடிச்சா காலமே மாறிப் போகுது. அந்தப் பளபளப்பு தேய்ச்சு வர்றது, மேல பூசி வர்றது இல்ல. நம்ம வீட்டுச் சுவரைத் தொட்டுப் பாருங்க, சுண்ணாம்புல கடுக்காய், முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேத்து கல்லால தேய்ச்சுத் தேய்ச்சே கொண்டு வந்த மினுக்கு, ஒரு பொட்டு வார்னிஷ் கிடையாது.

கண்ணாடிலயும் ஒரு விஷயம். ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல படலம் வச்ச லேமினேட்டட் கண்ணாடியைப் பிரான்ஸ்ல பெனடிக்டஸ்னு ஒருத்தர் கண்டுபிடிச்சு 1909ல காப்புரிமை வாங்குனாரு. ஆரம்பத்துல நடுவுல வச்சது செல்லுலாய்டு மாதிரி சரக்கு, வெயில் பட்டுப் பட்டு மஞ்சளாயிடும், ஓரத்துல இருந்து பழுப்பு ஏறும். அதனால பழைய வண்டியை இன்னிக்கு இருக்க நிலைல பண்றதா இருந்தா, கண்ணாடி நாலு மூலைலயும் கிளியர் மஞ்சளும் துளி பழுப்பும் கலந்து ரொம்ப மெல்லிசா ஏர்பிரஷ்ல பிடிப்பேன், நடுவுல ஒண்ணும் இருக்கக் கூடாது. போட்டோல பாத்தவங்க எந்த வீட்டு வண்டின்னு கேக்குறாங்க.

ஒரு கேள்வி: பளபளப்பு முழுசா இருக்கணுமா, கொஞ்சம் குறைக்கணுமா? எல்லாரும் சின்ன வண்டிக்கு சாட்டின், அதாவது பாதி மினுக்குதான்னு சொல்றாங்க.

கண்டனூர்_கண்ணாடி

நானும் சாட்டின் பக்கம்தான் ஆச்சி. பெரிய பொருளைத் தூரத்துல இருந்து பாக்குற மாதிரிதானே நாம குட்டி வண்டியைப் பாக்குறோம், தூரத்துல கலரும் மங்கும், மினுக்கும் மங்கும். அதனால கலர்ல சில சொட்டு வெள்ளை சேக்கணும், சுத்தக் கருப்பு, சுத்த வெள்ளை ரெண்டையும் தவிர்க்கணும், பளபளப்பையும் ஒரு படி எறக்கணும்.

தேவகோட்டை_டிங்கர்

கலரை வெளுக்குறது சரி அண்ணே, ஒத்துக்குறேன். பளபளப்பைக் குறைக்கிறதை மட்டும் ஒத்துக்க மாட்டேன். பஸ்ஸு லாரிக்குச் சரி. வீட்டு வண்டிக்குத் தப்பு. டெய்லி தொடைச்ச அம்பாசடர் பானெட்டுல முகம் தெரியும், எத்தனை தூரத்துல இருந்து பாத்தாலும் அதுல வானம் தெரியும். பொம்மை மாதிரி ஆக்குறது பளபளப்பு இல்ல, ஆரஞ்சுத் தோல்தான். மேல புள்ளி புள்ளியா மேடு பள்ளம் இருந்தா பிம்பம் ஒடைஞ்சு போகும், அந்த மேடு பள்ளம் 43 மடங்குல கையகலம் வருது. பிம்பம் ஒடையாம நின்னா முழுப் பளபளப்பும் நிஜமாத்தான் இருக்கும்.

செய்ற விதம்: கடைசிக் கோட் அடிச்சு ஒரு வாரம் விடுங்க, நகம் பதியக் கூடாது. 2000 வாட்டர் பேப்பரை ராத்திரி தண்ணில ஊறப்போட்டு, அடுத்த நாள் ரெண்டு விரல் நுனி அகலத் துண்டு, ஒரே திசைல, எடை இல்லாம. மேல மினுக்குப் புள்ளி எல்லாம் போயி ஒரே மாதிரி மங்கலா ஆனதும் நிறுத்துங்க. அப்புறம் 3000. அப்புறம் ரப்பிங் காம்பவுண்ட் பட்டாணி அளவு, பழைய பனியன் துணில. மட்கார்ட் மேடு, கதவு விளிம்பு, பானெட் ஓரம் இந்த எடத்துல டேப் ஒட்டி மறைச்சுட்டுத் தேய்ங்க, அங்கதான் பெயின்ட் மெல்லிசு, ரெண்டு இழுப்புல பிரைமர் தெரிஞ்சிடும். பெருவெட்டுல பாக்காதீங்க, டியூப்லைட்டுக்கு அடில சாய்ச்சுப் பாருங்க, விளக்குக் கோடு முறியாம கூரை மேல இருந்து டிக்கி வரைக்கும் வழுக்கிட்டு வரணும்.

2கே கிளியர் அடிக்கிறவங்க கவனம், அதுல இருக்க ஹார்டனர் மூச்சுக்குழாயைக் கெடுக்கும், துணி மாஸ்க்கெல்லாம் ஒண்ணுத்துக்கும் ஆகாது. வீட்டுக்குள்ள வேணவே வேணாம்.

கண்டனூர்_கண்ணாடி

டிங்கர் தம்பி சொல்ற பிம்பக் கணக்கு எனக்குப் பிடிச்சிருக்கு. தொடைச்சு வச்ச வீட்டு வண்டிக்கு முழு மினுக்குன்னே வச்சுக்கலாம், ஓட்டத்துல இருக்க வாடகை வண்டிக்கு சாட்டின். குட்டிகார் தம்பி, உங்க ஐயா வண்டிக்கு டிங்கர் வழியே போங்க.

இப்ப வளைஞ்ச கண்ணாடி. அம்பாசடர் முன் கண்ணாடி பக்கவாட்டுல மட்டும்தான் நல்லா வளையுது, மேல கீழ ஏறக்குறைய நேர், அதனால 0.1 ஓஹெச்பி ஷீட்டை அப்படியே வளைச்சு வெள்ளைப் பசைல ஒட்டுனாக்கூட நிக்கும். ஆனா அது எந்நேரமும் நிமிரப் பாக்கும், என்னிக்காவது மூலை பெயர்ந்துக்கும். அதனால சூட்டுல வளைச்சிடுறது நல்லது. வளைவுக்கு ஏத்த ஒரு பாட்டில் மேல ஷீட்டை டேப் போட்டு இறுக்கி ஒட்டி, கொதிக்கப் போற சமயத்துல எறக்குன தண்ணில கொஞ்ச நேரம் முக்கி, உடனே பச்சைத் தண்ணில போடுங்க. வளைவு நின்னுடும். தேவையான வளைவை விடக் கொஞ்சம் இறுக்கமான பாட்டிலா எடுங்க, வெளிய எடுத்ததும் துளி விரியும்.

ரெண்டு திசைலயும் வளையுற பின் கண்ணாடி வேணும்னா அச்சு செஞ்சு மேல இழுக்கணும். மரத்துலயோ எம்சீல்லயோ அந்த ஷேப்பைச் செதுக்கி, ஷீட் கனம் அளவுக்கு எல்லாப் பக்கமும் கம்மி பண்ணி, ஷீட்டை ஒரு மரச் சட்டத்துல குத்தி, ஹாட் கன் காட்டி ஷீட் தொய்யுற நேரத்துல அச்சு மேல இழுத்து அமுக்குறது. இங்க சூட்சமம் அச்சுலதான் இருக்கு. நம்ம வீட்டுத் தரைல போடுற ஆத்தங்குடிக் கல்லு எப்படி வழவழன்னு வருது? சுடுறதும் இல்ல, பாலிஷ் மெஷினும் இல்ல. கண்ணாடித் தகட்டு மேல கலர் கலவையை ஊத்தி, சிமென்ட்டு போட்டு அமுக்கி, தண்ணில ஊற வச்சுக் காய வைக்கிறாங்க, கண்ணாடியோட வழவழப்பு கல்லுக்கு வந்துடுது. நம்ம ஷீட்டும் அதே சங்கதி, சூடா இருக்கும்போது எதைத் தொடுதோ அதை வாங்கிக்கும். அச்சுல பிளேடு கீறல் ஒண்ணு இருந்தா கண்ணாடில அது நிரந்தரம். அதனால அச்சை 2000 வரைக்கும் தேய்ச்சு, காம்பவுண்ட் போட்டு, முகம் தெரியுற அளவுக்குக் கொண்டு வந்துட்டு அப்புறம் ஷீட்டைச் சூடு காட்டுங்க. ஷீட்டை அப்புறமா பாலிஷ் பண்ணிக்கலாம்னு நினைச்சா 0.1 மில்லில தேய்க்க என்ன இருக்கு?

இன்னொரு எச்சரிக்கை: எந்த ஷீட்டுன்னு தெரியலன்னா நெருப்புல காட்டாதீங்க. பிவிசியா இருந்தா கருகும்போது ஆசிட் புகை வரும்.

பிளேட்டிங்_வேலை

குரோம் பத்தி இன்னும் யாரும் பேசலையே. சிக்ரி, அதான் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், இருக்க காரைக்குடில இருந்துகிட்டு இதைச் சொல்லாம இருந்தா எப்படி. நான் பிளேட்டிங் பட்டறைல ரொம்ப வருஷம் இருந்தவன்.

பம்பர்ல நாம குரோம்னு பாக்குறதுல பெரும்பாகம் நிக்கல். குரோமியம் அதுக்கு மேல அரை மைக்ரானுக்கும் கீழதான் ஏறும். குரோமியத்துக்கு லேசா நீல ஓட்டம், நிக்கலுக்கு லேசா மஞ்சள் ஓட்டம். பழைய வண்டி பம்பர்ல அடிக்கடி தொடைச்ச மேட்டுல குரோம் தேஞ்சு கீழ இருக்க நிக்கல் எட்டிப் பாக்கும், அந்த எடம் கொஞ்சம் மஞ்சளா தெரியும். இது தெரிஞ்சா குட்டி வண்டில அதைச் செய்றது ரொம்ப லேசு.

வெள்ளிப் பெயின்ட் எதுவும் வேணாம், அது சாம்பல்தான், குரோம் ஆகாது. சமையல்கட்டு அலுமினியத் தாள் 11 மைக்ரான் கிட்ட இருக்கும், 1:43ல அது அரை மில்லி கனம், பரவாயில்ல. சாக்லேட் சுத்தி வர்ற தாள்ல இன்னும் மெல்லிசும் உண்டு. பம்பர் மேல பசையைத் தண்ணி விட்டு ரொம்ப மெல்லிசா பூசி, ஒட்டுற பதம் வந்ததும் தாளோட பளபள பக்கம் மேல வர்ற மாதிரி வச்சு, காது குடையுற பஞ்சுக் குச்சியால நடுவுல இருந்து ஓரத்துக்கு உருட்டணும். மடிப்பு விழுந்தா பல்குத்தியைச் சாய்ச்சுப் பிடிச்சு தேய்ங்க, மறைஞ்சிடும். புது பிளேடால ஓரத்தை வெட்டுங்க, பழைய பிளேடு தாளைக் கிழிக்கும். அப்புறம் பம்பர் மேட்டுல மட்டும் கிளியர் மஞ்சளைத் தின்னர்ல நல்லா நீர்த்து, பிரஷ்ஷை டிஷ்யூல ஒத்திட்டு ஒரே ஒரு தடவை இழுங்க. கிரில்லுக்குத் தாளை அமுக்கிட்டு பட்டை இடுக்குல கருப்பை நீர்த்து ஓட விட்டா ஆழம் தெரியும்.

ஹெட்லைட்டுக்கு அதே தாளை ரப்பர் மேல வச்சு, மை தீந்த பால்பாயின்ட் பேனா முனையால அமுக்குனா குட்டிக் கிண்ணம் கெடைக்கும். அதுக்குள்ள யூவி ரெசின் ஒரு சொட்டு, லேசா குமிழ் மாதிரி நிக்கும், யூவி டார்ச் அடிச்சா கெட்டியாயிடும். நெயில் ஆர்ட்டுக்கு விக்கிற கிளியர் ஜெல்லும் அதே வேலை செய்யும்.

குட்டிகார்_காரைக்குடி

சார், நிக்கல் மஞ்சள் விஷயம் கேட்டு அசந்துட்டேன். எங்க வண்டி பம்பர் நடுவுல அப்படித்தான் இருந்துச்சு, துரு ஆரம்பிக்குதுன்னு நினைச்சுட்டு இருந்தோம். கண்டிப்பா செய்றேன்.

இன்னும் ரெண்டு கேள்வி. தூசி வேணுமா? எங்க ஐயா வண்டியைச் சுத்தமா வச்சிருந்தாலும் தேவகோட்டை ரோடு போயிட்டு வந்தா கீழ்ப்பாகம் செவந்துதான் இருக்கும். அப்புறம் மாமா ஒருத்தரு பின்பக்கம் கருப்பு சன் ஃபிலிம் இருந்துச்சுன்னு சொல்றாரு, போடலாமா?

பள்ளத்தூர்_பஸ்

எந்த வருஷத்து வண்டியா பண்றீங்கங்கிறதைப் பொறுத்தது. 2012 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புல கருப்பு ஃபிலிம் ஒட்டக் கூடாதுன்னு ஆயிடுச்சு, முன் பின் கண்ணாடில 70 சதவீதம் வெளிச்சம், சைடுல 50 சதவீதம் உள்ள போகணும்னு விதி. அதுக்கு முந்தின வண்டின்னா போடலாம். போட்டா உள்பக்கம் மட்டும் போடுங்க, கிளியர் பெயின்ட்ல ஸ்மோக்னு விக்கிறது மெல்லிசா ரெண்டு கோட், வெளிப்பக்கம் கண்ணாடி மினுக்கு அப்படியே இருக்கணும். முழுக் கருப்பா மூடாதீங்க, உள்ள சீட்டு நிழலாவது தெரியணும்.

தூசிக்கு நம்ம செம்மண்ணே போதும், ஆனா அப்படியே தூவாதீங்க. மண் துகள் நம்ம அளவுக்கு ஜல்லிக்கல்லு. ஒரு டம்ளர் தண்ணில ஒரு ஸ்பூன் மண்ணைக் கலக்கி அரை நிமிஷம் விடுங்க, கனமானது கீழ எறங்கிடும். மேல இருக்க கலங்கல் தண்ணியை மட்டும் வேற டம்ளருக்கு மாத்தி ராத்திரி பூரா தெளிய விட்டா அடில படியிறதுதான் நமக்கு வேணும், மாவை விட நைசா இருக்கும். காய வச்சு எடுத்து, மேக்கப் பிரஷ்ல டயர், மட்கார்ட் உள்பக்கம், படிக்குக் கீழ, பின் பம்பர், இவ்வளவுதான். மேல ஏறக் கூடாது, தொடைச்ச வண்டில கீழ்ப்பாகம் மட்டும்தான் செவக்கும்.

முன் கண்ணாடிக்கு ஒரு வேலை இருக்கு, செஞ்சா தனி அழகு. வைப்பர் துடைச்ச அளவுக்கு அரை வட்டமா மாஸ்கிங் டேப்ல ரெண்டு துண்டு வெட்டி கண்ணாடில ஒட்டுங்க. வைப்பர் எங்க ஊன்றியிருக்கு, எந்தப் பக்கம் சாயுதுன்னு போட்டோ பாத்து ஒட்டணும், அம்பாசடர்ல ரெண்டு வட்டமும் நடுவுல எங்க சேருதுன்னு கவனிங்க. மேட் வார்னிஷ்ல துளி செம்மண் கலர் சேத்து, தூரத்துல இருந்து பனி மாதிரி ஒரே ஒரு தடவை. டேப்பை உரிச்சா தொடைச்ச இடம் மட்டும் பளிங்கா இருக்கும். கண்ணாடியை வண்டில ஒட்டுறதுக்கு முன்னாடியே இதை முடிச்சிடுங்க, ஒட்டுனப்புறம் செஞ்சா பானெட்டு பூரா தூசி படிஞ்சு டிங்கர் அண்ணன் உழைப்பு வீணாகும்.

பினாங்கு_மீனா

பஸ் அண்ணே, அப்ப வேலை வரிசை என்ன? நான் எப்பவும் பெயின்ட் முடிச்சு, பாலிஷ் முடிச்சு, குரோம் ஒட்டி, அப்புறம் பீடிங், கடைசியா கண்ணாடி.

பள்ளத்தூர்_பஸ்

அதேதான் ஆச்சி. பாலிஷ் போட்டதும் ஜன்னல் இடுக்குல காம்பவுண்ட் வெள்ளையா நிக்கும், பழைய டூத்பிரஷ்ல சோப்புத் தண்ணி தொட்டுக் கழுவி, நல்லா காஞ்சப்புறம்தான் குரோம். உள்ள சீட்டு எல்லாம் முடிஞ்சு, உள்ள விரல் ரேகை ஒண்ணும் இல்லைன்னு பாத்துட்டுத்தான் கண்ணாடி. ஷீட்டை ஓரத்துல மட்டும் பிடிங்க, ட்வீசர் முனைல டேப் சுத்திக்கங்க.

தேவகோட்டை_டிங்கர்

குட்டிகார் தம்பி, வெளிர் நீலம் மிக்ஸ் பண்ண பழைய போட்டோ மட்டும் நம்பாதீங்க, பழைய பிரிண்ட் எல்லாம் செவப்பா மாறியிருக்கும். வண்டியோட ஏதாவது பாகம், டேஷ்போர்டு மூடியோ கதவுக்குள்ள இருக்க தகடோ, வீட்டுல கெடக்குதான்னு தேடுங்க. வெயில் படாத உள்பக்கத்துல காம்பவுண்ட் போட்டுத் தேய்ச்சா ஒரிஜினல் கலர் தெரியும், அதை எடுத்துட்டு கடைக்குப் போனா மேட்ச் பண்ணிடலாம். அதுல சில சொட்டு வெள்ளை சேத்து, ஒரு பிளாஸ்டிக் ஸ்பூன்ல அடிச்சுப் பாத்துட்டு அப்புறம் பாடில அடிங்க.

குட்டிகார்_காரைக்குடி

டிக்கி உள்மூடி ஒண்ணு ரெண்டாங்கட்டுல கெடக்கு அண்ணே, அப்பத்தா தூக்கிப் போட விடல. நாளைக்குத் தேய்ச்சுப் பாத்துட்டு, ஸ்பூன்ல அடிச்ச சாம்பிளோட போட்டோ இங்கயே போடுறேன், கலர் சரியான்னு எல்லாரும் பாத்துச் சொல்லுங்க.